செவ்வழுகல்: கரும்புக்கு நூறு வருஷமாக நடக்கும் பரீட்சை

கரும்பு என்றால் நம்மாளுங்களுக்கு ரெண்டு விஷயம் தான் ஞாபகம் வரும். ஒண்ணு, பொங்கல். இன்னொண்ணு, ஆலைக்காரங்க தர வேண்டிய பாக்கி. கொஞ்சம் இலக்கிய வாசனை உள்ளவர்கள், அதியமானின் முன்னோர்கள் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததாகப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருப்பதைச் சொல்லுவாங்க. அதோட சரி. அந்தக் கரும்புக்குள்ள ஒரு பெரிய யுத்தம் நூறு வருஷத்துக்கு மேல நடந்துட்டு இருக்கு. அதில் நம்ம கோயம்புத்தூருக்கும் கடலூருக்கும் முக்கியமான பங்கு இருக்கு. இதை யாரும் அதிகம் பேசுறதில்லை. அதனால நான் பேசிடறேன். பதிவு கொஞ்சம் நீளம் மக்களே, டீயோட உட்காருங்க :-)

எதிரியோட பேர் செவ்வழுகல் நோய். விவசாய விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'கரும்பின் புற்றுநோய்'. சும்மா பயமுறுத்த வைத்த பேர் இல்லை. இது ஒரு பூஞ்சணம். வெளியிலிருந்து பார்த்தால் கரும்பு நல்லாத்தான் நிற்கும். ஒரு நாள் மேலிருந்து மூணாவது நாலாவது இலை மஞ்சளடிக்கும், ஓரம் காயும். அப்புறம் முழுத் தோகையும் காயும். சந்தேகப்பட்டு ஒரு கரும்பை வெட்டி நீளவாக்கில் பிளந்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு நடுவில் குறுக்கு வாட்டத்தில் வெள்ளைத் திட்டுகள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் புளிச்ச சாராய நாற்றம். இந்த மூணும் சேர்ந்து இருந்தால் வேற டாக்டர் வேண்டாம், செவ்வழுகல் தான்.

அந்த நாற்றத்தின் அர்த்தம் தான் வயிற்றெரிச்சல். பூஞ்சணம் கரும்புக்குள்ள இருக்கிற சர்க்கரையைத் தின்னுட்டு இருக்கு. பத்து மாசம், பன்னிரண்டு மாசம் தண்ணி கட்டி, உரம் வைத்து, சோகை உரிச்சு, வட்டிக்கு வாங்கிச் செலவு பண்ணி வளர்த்த பயிர், வெட்டு உத்தரவு வருவதற்கு ஒரு மாசம் முன்னாடி விறகாகிவிடும். நெல்லாக இருந்தால் அடுத்த பட்டம் என்று மனசைத் தேத்திக்கலாம். கரும்புக்காரனுக்கு ஒரு வருஷம் முழுசாகப் போச்சு. மறுதாம்பு விட முடியாது, அதனால அடுத்த வருஷமும் சேர்ந்து போச்சு.

மருந்தடிக்க வேண்டியது தானே என்று கேட்பீங்க. அங்க தான் சிக்கல். கரும்பை நாம் விதை போட்டு வளர்க்கிறதில்லை, கரணை வெட்டி நடுகிறோம். பூஞ்சணம் அந்தக் கரணைக்கு உள்ளேயே குடியிருக்கும். கரணையை மருந்துத் தண்ணியில் முக்கினால் மேல்தோலோட நின்றுவிடும். இப்போ வெற்றிட அழுத்தத்தில் மருந்தைக் கரணைக்குள் ஏற்றுகிற ஒரு கருவியைக் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்காரர்கள் உருவாக்கியிருக்காங்க, நல்ல முயற்சி. ஆனாலும் வயலில் நோய் பரவின பிறகு அதை நிறுத்துகிற மருந்து கிடையாது. மழைத் தண்ணியிலும் வாய்க்கால் தண்ணியிலும் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போகும். அழுகின கட்டையில் ஒட்டிக்கிட்டு மண்ணிலும் கொஞ்ச காலம் கிடக்கும்.

ஆக, மிச்சமிருப்பது ஒரே வழி. இந்தப் பூஞ்சணத்துக்கு அசராத ரகத்தைக் கண்டுபிடித்து நடுவது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு ரகத்துக்கும் நாமே நோயைக் கொடுத்து, எது செத்தது எது பிழைத்தது என்று பார்க்க வேண்டியது தான். இந்தப் பதிவு அந்தப் பரீட்சையின் கதை.

கோதாவரியில் ஆரம்பித்த கதை

இந்தப் பூஞ்சணத்தை முதலில் விவரித்தவர் வென்ட் என்கிற டச்சுக்காரர், ஜாவாவில், 1893ல். அடுத்த சில வருஷத்திலேயே நம்ம பக்கம் வந்து நின்றது. அப்போதைய சென்னை மாகாணத்தில் கோதாவரி டெல்டாவில் கரும்பு கொத்துக் கொத்தாகச் செத்தது. மாகாணத்தின் தாவரவியல் அதிகாரியாக இருந்த சார்லஸ் ஆல்ஃப்ரெட் பார்பர் 1901ல் அதைப் பற்றி எழுதினார். அந்த நோய்க்கு ஒரு வழி பண்ணத்தான் கோதாவரிப் பக்கம் சாமல்கோட்டையில் ஒரு கரும்புப் பண்ணை ஆரம்பித்தார்கள். பல ஊர் ரகங்களைக் கொண்டுவந்து நட்டு, எது தாங்குது என்று பார்ப்பது தான் அங்கே வேலை. நோய் எதிர்ப்புக்காகக் கரும்பு ரகங்களைச் சலித்துப் பார்க்கிற வேலைக்கு இந்தியாவில் பிள்ளையார் சுழி அங்கே தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே சமயத்தில் பீகாரில் பூசா என்ற ஊரில் பட்லர் என்கிற அயர்லாந்துக்காரர் இந்தியாவின் பயிர் நோய்களை ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டிருந்தார். செவ்வழுகல் நோயைத் தீர ஆராய்ந்து 1906ல் எழுதினார். நோயுள்ள கரணையை நட்டால் நோயுள்ள பயிர், அதனால் நல்ல கரணையாகப் பொறுக்கி நடு என்பது அவர் காலத்திலேயே தெரிந்த பாடம். நூத்துச் சொச்சம் வருஷம் கழிச்சும் அதே பாடத்தைத் தான் சொல்லிட்டு இருக்கோம், அது வேற விஷயம்.

இங்கே உலக நிலவரத்தையும் ஒரு வரி சொல்லணும். நோய் எதிர்ப்பு என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மெண்டல் விதிப்படி போகிற ஒரு குணம் என்று கோதுமையின் மஞ்சள் துரு நோயை வைத்து கேம்பிரிட்ஜில் பிஃபன் என்பவர் 1905ல் காட்டினார். அதுவரைக்கும் 'இந்த ரகம் ராசியானது' என்ற அளவில் இருந்த பேச்சு, அதற்கப்புறம் 'இந்தக் குணத்தைத் தேடி எடுக்கலாம், இன்னொரு ரகத்துக்கு மாற்றலாம்' என்று ஆனது. இந்த நம்பிக்கை தான் பின்னாடி வந்த எல்லாத்துக்கும் அஸ்திவாரம்.

வெள்ளையும் நாணலும்

1912ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. ஏன் கோயம்புத்தூர்? கரும்பு அங்கே பூக்கும். வட இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கர் கரும்பு இருந்தாலும் அந்தக் குளிருக்கும் பகல் நீளத்துக்கும் கரும்பு ஒழுங்காகப் பூப்பதில்லை. பூத்தால் தானே கலப்பு பண்ண முடியும். ஆகவே மாப்பிள்ளை பார்ப்பது, கல்யாணம், பிரசவம் எல்லாம் கோவையில், குடித்தனம் மட்டும் வடக்கே என்று ஏற்பாடு ஆனது.

நிலையத்துக்குப் பொறுப்பு அதே பார்பர். கூட இருந்தவர், பின்னாடி அவர் இடத்துக்கு வந்தவர் டி.எஸ்.வெங்கட்ராமன். இவங்க பண்ணின துணிச்சலான காரியம் என்னன்னா, நம்ம ஊர்ல 'வெள்ளை' என்று கூப்பிடுகிற சாறு நிறைந்த தடிக் கரும்பை எடுத்து, ஆற்றங்கரையில் யாரும் சீண்டாமல் கிடக்கிற நாணலோடு கலந்தது. நாணலும் கரும்புக் குடும்பம் தான், ஒன்றுவிட்ட பங்காளி மாதிரி. சர்க்கரை கிடையாது, ஆனால் குளிர், வறட்சி, வெள்ளம், நோய் எல்லாத்துக்கும் அசராத கட்டை. (பட்டினத்தார் கையில் இனித்த பேய்க்கரும்பு இதுதானா வேறயா என்ற சண்டைக்கு நான் வரலை சாமி.) அந்தக் கலப்பில் பிறந்தது கோ 205. 1918ல் பஞ்சாப் பக்கம் விவசாயிகளுக்குப் போனது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். இன்றைக்கும் இந்தியாவின் ஏதோ ஒரு மூலையில் கரும்பு ரகத்தின் பெயர் 'கோ' என்று ஆரம்பித்தால் அதன் பிறப்பிடம் நம்ம ஊர் தொடர்புள்ளது என்று கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்.

காட்டு நாணலின் க்ரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்த ஜானகி அம்மாள் 1930களில் இங்கே தான் வேலை பார்த்தார். அவரைப் பற்றித் தனிப் பதிவே போடலாம், இப்போதைக்கு ஒரு வணக்கம் மட்டும்.

கோ 205க்குப் பின்னாடி கோ 210, கோ 213, கோ 214 என்று வரிசையாக வந்தது. இதில் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் (அப்போ ஐக்கிய மாகாணம்) வடக்கு பீகாரிலும் ராஜாவானது கோ 213. 1932ல் வெளிநாட்டுச் சர்க்கரைக்கு வரி போட்டு உள்நாட்டு ஆலைகளைக் காப்பாற்றும் சட்டம் வந்தது. முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் சில வருஷத்துக்குள்ளேயே நூறைத் தாண்டின. அத்தனை ஆலைக்கும் கரும்பு வேணுமே? கோ 213 நடு, கோ 213 நடு என்று ஊரெல்லாம் ஒரே ரகம்.

1938

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி ஒரு விஷயத்தை யோசிங்க. கரணையிலிருந்து வளர்கிற கரும்பு, தாய்க் கரும்பின் அச்சு அசல். நெல் வயலிலாவது செடிக்குச் செடி கடுகளவு வித்தியாசம் இருக்கலாம். ஒரே ரகக் கரும்பு ஒரு லட்சம் ஏக்கர் என்றால், அது லட்சம் ஏக்கரில் படர்ந்த ஒரே ஒரு செடி. ஒரு கரும்பைக் கவிழ்க்கத் தெரிந்த பூஞ்சணத்துக்கு அத்தனை ஏக்கரும் தெரியும்.

1938லிருந்து 1940க்குள் அது நடந்தது. வடக்கு பீகாரிலும் கிழக்கு ஐக்கிய மாகாணத்திலும் கோ 213 அழுகிச் சரிந்தது. அதுவரை அங்கே வந்துபோன செவ்வழுகல் ஆங்காங்கே தலைகாட்டும், இந்த முறை வயல் வயலாக வாரிக்கொண்டு போனது. ஆலைகளுக்குக் கரும்பு இல்லை, விவசாயிக்கு நட கரணை இல்லை.

சோனா, பேட்விக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைக் குடைந்தார்கள். செத்த கரும்பிலிருந்து எடுத்து வளர்த்துப் பார்த்தபோது பூஞ்சணத்தின் சாயலே மாறியிருந்தது. பழையது கருஞ்சாம்பல் நிறம், வித்துகளைக் கொஞ்சமாகத் தான் உண்டாக்கும். புதுசு வெளிர் நிறம், வித்துகளை வாரி இறைக்கும், தாக்குதலும் கொடூரம். அதாவது கோ 213 பலவீனமாகவில்லை. ரகம் அதே ரகம் தான். எதிரி மாறிட்டான்.

இது தான் இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பது என் கருத்து. அதுவரைக்கும் எதிர்ப்புத் திறன் என்பது ரகத்தின் சொத்து என்று நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் கோதுமைத் துரு நோயை வைத்து ஸ்டாக்மன் என்பவர் ஒரே பூஞ்சணத்துக்குள்ளேயே பல இனங்கள் உண்டு என்று முன்னாடியே காட்டியிருந்தார். அந்தப் பாடம் நமக்குக் கரும்பில் வந்து சேர்ந்தது 1938ல், அதுவும் பீகார் விவசாயியின் செலவில்.

அதன் பிறகு 1940களின் பின்பாதியில் மறுபடியும் ஒரு பெருந்தாக்குதல், இந்த முறை கோ 312 உட்பட்ட ரகங்கள். இனிமேல் செவ்வழுகல் பரீட்சையில் பாஸாகாத எந்த ரகத்தையும் வெளியே விடுவதில்லை என்ற எண்ணம் இந்த அடிகளுக்குப் பின்னால் தான் கெட்டிப்பட்டது.

பரீட்சை எப்படி நடக்கும்?

இப்போ சுவாரசியமான பகுதி. ஒரு கரும்புக்கு நோயைக் 'கொடுப்பது' எப்படி?

கரும்புக்கு ஏழெட்டு மாசம் ஆகியிருக்கணும். அடியிலிருந்து மூணாவது இடைக்கணுவின் நடுவில் ஒரு துளைக் கருவியால் சின்ன ஓட்டை. ஆய்வகத்தில் வளர்த்த பூஞ்சண வித்துகளைத் தண்ணியில் கலந்து, ஒரு மில்லிக்குப் பத்து லட்சம் வித்து என்ற கணக்கில், அதில் ஓரிரு சொட்டு ஓட்டைக்குள் விடுவார்கள். ஓட்டையைக் களிமண் மாதிரி ஒன்றை வைத்து மூடிவிடுவார்கள். ஒரு ரகத்துக்குச் சுமார் இருபது கரும்பு. அப்புறம் 60 நாள் காத்திருப்பு.

அறுபதாவது நாள் வெட்டி நீளவாக்கில் பிளந்து மார்க் போடுவார்கள். இந்த மார்க் முறையைக் கோவையில் சீனிவாசன், பட் என்ற இருவர் 1961ல் வகுத்தார்கள். நாலு கேள்வி தான்:

ஒன்று, தலை பச்சையாக இருக்கா, காய்ந்திருக்கா? பச்சை என்றால் 0, காய்ந்திருந்தால் 1.

இரண்டு, சிவப்பு எவ்வளவு அகலம்? அதற்கு 1லிருந்து 3 வரை.

மூன்று, வெள்ளைத் திட்டு அடங்கி நிற்கிறதா, நீண்டு போகிறதா? அதற்கு 1 அல்லது 2.

நான்கு, நோய் எத்தனை கணுவைத் தாண்டியிருக்கு? ஒரு கணு 1, ரெண்டு கணு 2, மூணும் அதற்கு மேலும் 3.

கூட்டினால் அதிகபட்சம் 9. நம்ம பரீட்சைக்கு நேர் எதிர், மார்க் குறையக் குறைய நல்ல பிள்ளை. எல்லாக் கரும்பின் மார்க்கையும் சராசரி எடுத்து, 2 வரை என்றால் எதிர்ப்புத் திறன் உள்ளது. 4 வரை மிதமான எதிர்ப்பு. 6 வரை மிதமாக நோய் வாங்கும். 8 வரை நோய் வாங்கும். அதற்கு மேல் போனால் ஆளை விடுங்க ரகம்.

நாலாவது கேள்வியைக் கவனிங்க. எனக்கு ரொம்பப் பிடித்தது அது தான். கணு என்பது கரும்புக்குள்ள இருக்கிற கோட்டைச் சுவர் மாதிரி. நல்ல எதிர்ப்பு உள்ள கரும்பிலும் ஓட்டை போட்ட இடம் சிவக்கும், ஆனால் அந்தச் சிவப்பு அந்த ஒரு அறைக்குள்ளேயே அடங்கிப்போகும். காயமே படாதது தான் பலசாலி என்றில்லை. பட்ட காயத்தைப் பரவ விடாமல் நிறுத்துகிறதும் பலசாலி தான்.

இந்த முறைக்கும் எதிர்ப்பு இருந்தது. வயலில் யாரும் வந்து கரும்பில் ஓட்டை போட்டு வித்து ஊற்றுவதில்லையே? கரும்பின் கெட்டியான தோலும் சோகையும் தருகிற பாதுகாப்பை ஓட்டை போட்டவுடனேயே நாம் உடைத்துவிடுகிறோம். வயலில் நன்றாகத் தாங்கக்கூடிய ரகமும் இந்தப் பரீட்சையில் ஃபெயிலாகலாம். அதனால இன்னொரு முறையும் வைத்தார்கள். சோகையை உரித்துவிட்டு, கணுவின் மேல் வித்துக் கலவையில் நனைத்த பஞ்சைச் சுற்றி வைப்பது. காயம் கிடையாது. பூஞ்சணம் தானாக உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்ப்பது. பிறகு வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்திய அறையில் வைத்து, 60 நாள் காத்திராமல் சில நாளிலேயே முடிவு தெரிந்துகொள்ளும் முறையும் கோவையில் வந்தது. ஆயிரக்கணக்கான நாற்றுகளை ஆரம்பத்திலேயே கழிக்க அது தோது.

ஏன் ஆயிரக்கணக்கில்? கரும்பின் மரபணு ஒரு இடியாப்பம். நூறுக்கு மேல க்ரோமோசோம்கள், அதுவும் ரெண்டு மூணு இனங்களிலிருந்து வந்து கலந்தவை. எதிர்ப்பு உள்ள ரெண்டு ரகங்களைக் கலந்தாலும் பிள்ளை நோஞ்சானாகப் பிறக்கலாம். 'அப்பன் நல்லவன், பிள்ளையும் நல்லவன்' கணக்கு செல்லாது. பிறக்கிற ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கணும். ஒரு கலப்பில் ஆரம்பித்து ஒரு ரகம் வெளியே வருவதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். அத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கானவை கழிந்து ஒன்றோ ரெண்டோ மிஞ்சும்.

நம்ம கடலூர் கதை

தெற்கே என்ன நடந்தது? இங்கே பல வருஷம் கொடிகட்டிப் பறந்தது கோ 419. 'அதிசயக் கரும்பு' என்றே பேர். ஆந்திரத்தில் கோ 997. ரெண்டுமே பின்னாளில் செவ்வழுகலில் மாட்டின.

அப்புறம் 1975ல் கடலூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கோ.க. 671 வந்தது. ('க' என்றால் கடலூர்.) சீக்கிரம் முற்றும், சர்க்கரைச் சத்தோ எக்கச்சக்கம். ஆலைக்காரர்கள் தலையில் வைத்துக் கூத்தாடினார்கள். தமிழ்நாட்டில் மட்டுமில்லை, மகாராஷ்டிரா, குஜராத் வரைக்கும் போனது. போன இடத்திலெல்லாம் கொஞ்ச காலத்தில் செவ்வழுகலும் பின்னாடியே வந்தது. கடலூர், விழுப்புரம் பக்கம் கரும்பு போட்டவங்க வீட்டில் யாராவது பெரியவங்க இருந்தால் கேட்டுப் பாருங்க, 671 என்ற எண்ணைச் சொன்னாலே ஒரு பெருமூச்சு வரும். முதல் பாதி சந்தோஷத்துக்கு, ரெண்டாம் பாதி துக்கத்துக்கு.

இதில் ஒரு நியாயமான கேள்வி எழும். நோய் வாங்கும் என்று தெரிந்தால் ஏன் நடுறாங்க? பதில் சுலபம். ஆலைக்கு வேண்டியது பிழிதிறன். நூறு கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை என்ற கணக்கு. அரை சதவீதம் ஏறினாலும் ஆலைக்குக் கோடிகளில் வித்தியாசம். விவசாயிக்கும் எடை நல்லா வர்ற ரகம் வேணும். செவ்வழுகல் வருமா வராதா என்பது நாளைய கவலை, பிழிதிறன் இன்றைய காசு. தவறு யார் மேலயும் தனியாக இல்லை, ஆனால் விழுகிற அடி மட்டும் தனியாக ஒருத்தர் மேல விழும்.

எதிரிகளுக்கு வைத்த பெயர்கள்

1970ல் அகில இந்திய அளவில் கரும்பு ஆராய்ச்சிகளை ஒருங்கிணைக்கும் திட்டம் வந்தது. அதன் கீழ் இந்தப் பரீட்சை ஒரே மாதிரி எல்லா மண்டலத்திலும் நடக்க ஆரம்பித்தது. அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்தது. பூஞ்சணத்தில் எத்தனை வகை என்று வகைப்படுத்துவது. ஒரு குறிப்பிட்ட செட் ரகங்களை வைத்துக்கொண்டு, புதுசாக வருகிற ஒவ்வொரு பூஞ்சண மாதிரியையும் அத்தனை ரகத்திலும் ஏற்றிப் பார்ப்பார்கள். எதைக் கவிழ்க்கிறது, எதைக் கவிழ்க்க முடியலை என்ற கணக்கை வைத்து அதற்கு ஒரு எண். அந்தச் செட்டில் காட்டு நாணல் ஒன்றும் உண்டு. நாடு சுதந்திரம் அடைந்த காலத்தை ஒட்டி, காட்டு நாணல்களைத் தேடிச் சேகரிக்கப் போன பயணங்களில் கிடைத்தது அது.

இந்த எண்களின் பட்டியலைப் பார்த்தபோது தான் எனக்கு இந்தப் பதிவு எழுதணும் என்றே தோணுச்சு. எந்த ரகத்தின் சடலத்திலிருந்து எடுத்தார்கள் என்பதும் கூடவே இருக்கும். சி.எஃப். 01, எடுத்தது கோ 1148லிருந்து. 02, கோ 7717லிருந்து. 03, பஞ்சாபின் செல்லப்பிள்ளை கோ.ஜே. 64லிருந்து. 04, நம்ம அதிசயக் கரும்பு கோ 419. 05, கோ 997. 06, கடலூரின் கோ.க. 671. எதிரிகளின் பட்டியல் என்று நினைத்துப் படித்தால், அது முன்னாள் ஹீரோக்களின் பட்டியலாக இருக்கு. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் பரீட்சையில் பாஸானது தான். பாஸாகி, ஊரெல்லாம் பரவி, அந்தப் பரவலாலேயே தன்னைக் கவிழ்க்கிறவனை உருவாக்கிக்கொண்டது.

பதிமூன்றாவது எண்

பட்டியல் முடிந்துவிடவில்லை. கோவை நிறுவனத்தின் கர்னால் மையத்தில் பக்ஷி ராம் என்பவர் உருவாக்கிய கோ 0238 என்ற ரகம் 2009ல் வெளியானது. பரீட்சையில் அன்றைக்கு வடக்கே இருந்த பூஞ்சண வகைகளுக்கு மிதமான எதிர்ப்பு என்று பாஸ். வயலில் போனால் எடையும் அதிகம், சர்க்கரையும் அதிகம். இந்த ரெண்டும் சாதாரணமாகச் சேராது. உத்தரப் பிரதேசத்தில் 9 சதவீதத்தை ஒட்டி இருந்த பிழிதிறன் சில ஆண்டுகளில் 11ஐத் தாண்டியது. பக்ஷி ராமுக்கு 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது, தகுதியான விருது தான்.

ஆனால் 2020ஐ ஒட்டி உத்தரப் பிரதேசக் கரும்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இந்த ஒரே ரகம். 1938ன் கதையைப் படித்தவர்களுக்கு அடுத்து என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செவ்வழுகல் வந்தது. எடுத்துப் பார்த்தால் பழைய வகை எதுவும் இல்லை, புதுசு. சி.எஃப். 13 என்று பெயர் வைத்தார்கள். மாநில அரசு விவசாயிகளை வேறு ரகங்களுக்கு மாறச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாயிற்று. நல்ல காசு பார்த்த ரகத்தை விட்டு மாறு என்றால் யார் உடனே மாறுவாங்க?

இதை வைத்து விஞ்ஞானிகளைத் திட்டுகிறவர்களும் உண்டு. 'பாஸ் போட்டீங்களே, எப்படி வந்தது?' என்று. அது நியாயமில்லை என்பேன். 2009ல் வைத்த பரீட்சையின் கேள்வித்தாள் 2009ல் இருந்த பூஞ்சணம். அதற்கு அந்த ரகம் சரியாகப் பதில் எழுதியது. பத்து வருஷம் கழித்து வரப்போகிற கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனால் ஒன்றை முடிவு பண்ணியிருக்க முடியும். ஒரே ரகத்தை எவ்வளவு தூரம் பரவ விடுவது என்பது. அது விஞ்ஞானி கையில் இல்லை. ஆலையும் அரசாங்கமும் விலையும் சேர்ந்து எடுக்கிற முடிவு. நூறு வருஷமாகப் பரீட்சை முறையை மேலும் மேலும் கூர்மையாக்கிக்கொண்டே வந்திருக்கோம், பரவலைப் பற்றிய இந்த முடிவில் மட்டும் 1932ல் இருந்த இடத்திலேயே நிற்கிறோம்.

நம்ம வீட்டுக் கணக்கையும் பார்த்துடுவோம். தமிழ்நாட்டில் 2000க்குப் பிறகு பல வருஷம் பெரும்பகுதிப் பரப்பில் நின்றது கோ 86032 என்ற ஒரே ரகம். செவ்வழுகலை ஓரளவு தாங்குகிற நல்ல ரகம், மறுதாம்பும் நல்லா வரும். நமக்கு இன்னும் 1938 வரலை. கோ 11015 மாதிரி புது ரகங்கள் வந்திருக்கின்றன, மெதுவாக இடம் பிடிக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்று அடுத்த ஒற்றை ராஜா ஆகிவிட்டால், பெயர் மட்டும் தான் மாறியிருக்கும்.

இந்த எல்லாத்துக்கும் பின்னணியில் ஒரு சேமிப்புக் கிடங்கு இருக்கு. கேரளத்தில் கண்ணூரில் கோவை நிறுவனத்தின் ஒரு மையம். உலகின் பல மூலைகளிலிருந்து வந்த கரும்பு ரகங்களை அங்கே வருஷா வருஷம் நட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். இந்த மாதிரி உலகத் தொகுப்பு இன்னொன்று அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இருக்கு. ஆலைக்குப் போகாத, சர்க்கரை இல்லாத, பேர் கூட வாயில் நுழையாத நாணல்களும் ஒல்லிக் கரும்புகளும். அடுத்த எண் வரும்போது அதற்குப் பதில் சொல்லப்போகிற கரும்பின் பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ அங்கே ஏதாவது ஒரு பாத்தியில் நிற்கக்கூடும். 1912ல் வெள்ளையை நாணலோடு கலந்த அந்த யோசனை இன்னும் தீர்ந்துபோகலை.

கரும்பு போட்ட குடும்பத்துக்காரங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, உங்க ஊரில் எந்த வருஷம் எந்த ரகம் நின்றது, எப்போ மாறினது, ஏன் மாறினது என்று வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வைங்க. எண்களை மறக்காதீங்க. 419, 6304, 671 என்று அவங்க சொல்கிற ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கல்யாணமோ ஒரு கடனோ இருக்கும்.

டிஸ்கி: பொங்கலுக்கு நாம கடிக்கிற செங்கரும்பு வேற, ஆலைக் கரும்பு வேற. செவ்வழுகல் சிவப்பு உள்ளே சதையில் இருக்கும், வெளித்தோலில் இல்லை. செங்கரும்பைப் பார்த்து நோய் வந்துடுச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க :-)